மதுரை வீதிகளிற் பூ வழங்கும் நெறி

வணிகப் பொருள்கள் யாவும் ஒரு தன்மையன அல்ல. நெல்லும் உப்பும் பொன்னும் காத்திருக்கும் இயல்பின. விலை வீழ்ந்த காலத்து அவற்றைக் களஞ்சியத்தில் வைத்துப் பூட்டி, விலை ஏறியபின் வெளிக்கொணரலாம். காயுங் கனியும் சில நாள் பொறுக்கும். பூவோ ஒரு நாளும் பொறாது. காலையில் மொட்டாகப் பறிக்கப்பட்டது மாலையில் விரியும், மறுநாள் வாடும், அதன்பின் அதனை வாங்குவார் இலர். ஆகவே பூ விற்பவர் தம் கூடையிற் சுமந்து திரிவது பூவை மட்டும் அன்று, எஞ்சியுள்ள சில மணி நேரத்தையுமாம். வழியில் இழக்கப்படும் ஒவ்வொரு நாழிகைக்கும் யாரோ ஒருவர் விலை கொடுக்கின்றார். அவர் யாவர் என்பதும், தோட்டத்து மொட்டு நகரத்து வாயிலை வந்தடையும் நெறி எவ்வாறு அமைந்தது என்பதும் ஆராய்தற்குரியன. இவ்வாராய்ச்சிக்கு மதுரை மாநகரினும் சிறந்த நிலைக்களன் தமிழுலகிற் பிறிதில்லை எனலாம்.

தமிழிற் 'போது' என்னுஞ் சொல் இரு பொருள் தரும். மலருஞ் செவ்வி வாய்ந்த அரும்பு ஒன்று, காலம் மற்றொன்று. இவ்விரு பொருளும் ஒரு சொல்லில் வந்து கூடியமை தற்செயலே ஆயினும், பூ வணிகத்தின் இயல்பை இதனினுஞ் சுருங்கக் கூறுதல் அரிது. அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் எனப் பூவின் பருவங்களைத் தனித்தனிப் பெயரிட்டு வழங்கினர் நம் முன்னோர். இப்பாகுபாடு புலவர்க்கு மட்டும் உரியதன்று. சந்தையில் மொட்டு ஒரு விலை பெறும். அலர்ந்தது வேறு விலை பெறும். உதிர்ந்த வீ விலையே பெறாது. மொழி வகுத்த பருவங்களையே வணிகமும் தன் விலைப்படிகளாகக் கொண்டுள்ளது.

மதுரையின் அமைப்பு ஈண்டு முதலில் அறியப்படல் வேண்டும். நகரின் நடுவே மீனாட்சி சுந்தரேசுவரர் திருக்கோயில் விளங்குகின்றது. கோயில் மதிலின் உட்புறத்தில் ஆடி வீதியும், வெளிப்புறத்தில் முறையே சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்பனவும் ஒன்றையொன்று சூழ்ந்து சதுர வடிவில் அமைந்துள்ளன. திங்களின் பெயரால் வீதிகள் வழங்கப்படும் இந்நகரில், விழாக்களின் கால ஒழுங்கே தெருக்களின் ஒழுங்காகவும் நிற்பது கருதத்தக்கது. இவ்வமைப்பு நாயக்கர் காலத்தில் இப்போதைய உருவை அடைந்தது என்பர். கோட்டை மதில் 19ஆம் நூற்றாண்டிற் பிரித்து நீக்கப்பட்ட பின்னர் அதன் எல்லையில் வெளி வீதிகள் அமைந்தன. இச்சதுரங்களின் ஊடாக வெளியிலிருந்து உள்நோக்கிச் செல்வதே பூவின் வழியாகும். உள்ளே செல்லச் செல்லத் தெரு ஒடுங்கும், ஊர்தி சிறுக்கும், முடிவில் மனிதர் தலையே பூவைச் சுமக்கும்.

இந்நகரிற் பூ வீடுதேடிச் சென்றமைக்குப் பழைய சான்று பத்துப்பாட்டுள் உண்டு. தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனை மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி, பகலில் நிகழும் நாளங்காடியையும் இரவில் நிகழும் அல்லங்காடியையும் விரித்துரைக்கின்றது. பூவும் மாலையும் விற்போர் அங்குக் காணப்படுகின்றனர். கடையிற் பூ விற்றல் எந்நகர்க்கும் பொது. அப்பாட்டில் வேறொரு காட்சியும் வருகின்றது. நரைத்த கூந்தலையுடைய முதிய பெண்டிர், செப்புகளிற் பண்டங்களை நிறைத்து, நறுமணப் பூக்களையும் உடன்கொண்டு, மனைதோறும் சென்று திரிகின்றனர். வாங்குவோர் அங்காடிக்கு வாராவிடத்து அங்காடியே வாயிலுக்குச் செல்லும் முறை, ஏறத்தாழ 2,000 ஆண்டுகளின் முன் மதுரையில் வேரூன்றியிருந்தது என்பது இதனாற் புலனாகும்.

அப்பெண்டிர் முதியராகக் கூறப்பட்டமை கவனிக்கத்தக்கது. இளமகளிர் தனித்துச் செல்லல் அரிதாயிருந்த காலத்தில், எம்மனையினுள்ளும் தடையின்றிப் புகும் உரிமையை முதுமை அளித்தது. அன்றியும், நிலமோ காளையோ வலிமையோ வேண்டாத தொழில் இது. ஒரு கூடையும் சிறிது முதலும் கால்வலியும் இருப்பின் போதும். ஆதரவற்ற பெண்டிர்க்கு ஏற்ற தொழிலாக இஃது இன்றுவரை நிலைத்திருத்தற்குக் காரணம் இதுவேயாம்.

மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் இயற்றிய நெடுநல்வாடை பிறிதொரு செய்தியைத் தருகின்றது. கார்மழை ஓயாது பெய்து கதிரவன் மறைந்துள்ளான். பகலும் இரவும் வேறுபாடு தோன்றவில்லை. அப்பொழுது மகளிர், பிச்சியின் அரும்புகளைத் தட்டில் இட்டு வைத்து, அவை இதழ் விரித்து மணப்பதைக் கொண்டு மாலை வந்தது என்று அறிந்து, விளக்கேற்றி, நெல்லும் மலருந் தூவி வழிபடுகின்றனர். பூ இங்கே நாழிகை வட்டிலின் வேலையைச் செய்கின்றது. மாலைப்பொழுதில் அரும்பு மனையில் இருத்தல் வேண்டும் என்னும் வழக்கமும், அதனை அப்பொழுதுக்கு முன்னரே கொணர்ந்து தருவார் இருந்தனர் என்பதும் இதனால் உய்த்துணரப்படும்.

இனிப் பூவின் இயல்பை நோக்குவோம். மதுரையிற் 'குண்டுமல்லி' என்று வழங்குவதே மதுரை மல்லி எனப் பெயர்பெற்றது. பிச்சி என்னும் சாதிமல்லியும், முல்லையும், கனகாம்பரமும், அரளியும், சம்பங்கியும், மரிக்கொழுந்தும் இங்கு விலைபோவனவே. எனினும் நகரின் பெயரைத் தாங்கி நிற்பது குண்டுமல்லி ஒன்றே. தடித்த இதழும் நீண்ட காம்பும் உடைய இம்மொட்டு, பிற ஊர் மல்லிகையினும் காலந்தாழ்த்து விரிந்து, காலந்தாழ்த்து வாடும் என்பது இதன் சிறப்பு. 2013ஆம் ஆண்டில் இந்திய அரசின் புவிசார் குறியீட்டுப் பதிவு இதற்கு வழங்கப்பட்டது. சில மணி நேரம் கூடுதலாக நிற்பதே ஒரு பூவின் பெரும்புகழுக்குக் காரணமாயிற்று எனின், இவ்வணிகத்தில் நேரத்தின் மதிப்பு எத்தகையது என்பது சொல்லாமலே விளங்கும்.

மதுரை மல்லி மதுரை நகருள் விளைவதன்று. திருப்பரங்குன்றம், திருமங்கலம், உசிலம்பட்டி முதலிய பகுதிகளிலும், அண்டை மாவட்டமாகிய திண்டுக்கல்லின் நிலக்கோட்டைப் பகுதியிலும், விருதுநகர், தேனி, சிவகங்கை மாவட்டங்களின் சில ஊர்களிலும் பயிராகின்றது. இத்தோட்டங்களுக்கு வேண்டும் நாற்றுகள் பெரும்பாலும் இராமேசுவரத் தீவிலுள்ள தங்கச்சிமடம் முதலிய ஊர்களிலிருந்து வருவன. கடற்கரை மணலில் வேர்விட்ட பதியன், பாண்டிநாட்டுச் செம்மண்ணில் நடப்பட்டு, மதுரையின் பெயரைப் பெறுகின்றது.

மல்லிகை மொட்டு முதிர்ந்த நாளின் மாலையில் விரியத் தொடங்கி, இரவு முழுதும் மணம் பரப்பும். ஆகவே அன்று விரியவிருக்கும் மொட்டை அன்று வைகறையிலேயே கொய்தல் வேண்டும். முதல்நாளே கொய்தால் மொட்டு முற்றாது, மணம் குன்றும். பொழுதேறிக் கொய்தால் வெயிலில் வாடும், சந்தையும் கலைந்துவிடும். எந்த மொட்டு அன்று விரியும், எது நாளை விரியும் என்பதை இருளிலேயே விரலால் உணர்ந்து தெரிதல் வேண்டும். கிலோகிராம் ஒன்றில் ஆயிரக்கணக்கான மொட்டுகள் அடங்கும். ஒவ்வொன்றும் தனித்தனியே கையாற் கிள்ளப்படுவது. இவ்வேலையிற் பெரும்பாலும் பெண்களே ஈடுபடுகின்றனர். பொறி எதுவும் இன்னும் அவர் விரலுக்கு மாற்றாகவில்லை.

கொய்த மொட்டுகள் சாக்கிலும் கூடையிலும் இட்டு, ஈரத்துணியால் மூடப்பட்டு, மாட்டுத்தாவணியிலுள்ள பூச்சந்தைக்குக் கொண்டுவரப்படுகின்றன. மாட்டுத்தாவணி வைகையின் வடகரைப் பக்கம், கோயிலுக்கு ஏறத்தாழ 5 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது. அங்கே கமிஷன் கடைக்காரர் உழவரிடம் பூவைப் பெற்று, அன்றைய விலைக்கு விற்றுக்கொடுத்துத் தம் தரகைக் கழித்துக்கொள்வர். விலை நாள்தோறும் மாறுவது மட்டுமன்றி ஒரே காலையிலும் மாறும். விடியலிற் கூறிய விலை வெயில் ஏறியபின் நில்லாது.

சந்தையை விட்டுப் பூ இரு வழிகளிற் பிரிகின்றது. ஒரு வழி நெடிது. தெர்மோக்கோல் பெட்டிகளில் பனிக்கட்டியுடன் அடைக்கப்பட்டுப் புகையிரதத்திலும் பஸ் வண்டியிலும் சென்னை முதலிய நகர்களுக்கும், விமானத்திற் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகள் ஆகியவற்றுக்கும் அது செல்கின்றது. மற்றை வழி குறிது, ஆயின் கடினமானது. வைகைப் பாலத்தைக் கடந்து, வெளி வீதியும் மாசி வீதியும் தாண்டி, கோயிலைச் சூழ்ந்த பழைய தெருக்களுட் புகுவது அவ்வழி. கோயிலை ஒட்டிய சித்திரை வீதிகளில் மோட்டார் வண்டிகளுக்கு இடமில்லை. ஆதலின் கடைசித் தொலைவைப் பூ காலடியாகவே கடத்தல் வேண்டும். கடல் கடந்து செல்லும் பூவுக்குக் குளிர்ப்பெட்டி உண்டு. ஆவணி மூல வீதிக்குச் செல்லும் பூவுக்குச் சுமப்பவர் தெளிக்கும் நீரே காப்பு.

பூ உதிரியாக வீடுகளுக்குச் செல்வது அரிது. அது கட்டப்படல் வேண்டும். வாழைநாரை நீரில் ஊறவைத்து, மெல்லியதாகக் கிழித்து, மொட்டுகளை இரண்டிரண்டாக எதிரெதிர் வைத்து, விரலைச் சுழற்றி முடிச்சிடுவர். நார் ஈரம் காத்துக் காம்பை வெட்டாமல் தாங்கும். நூலோ காம்பை அறுக்கக்கூடியது. தேர்ந்த கை, கண் நோக்காமலே, உரையாடிக்கொண்டே கட்டும். சந்தையிற் கிலோவாக வாங்கிய பூ இந்த வேலைக்குப் பின் முழமாக மாறுகின்றது. முழம் என்பது முழங்கை முதல் விரல்நுனி வரையுள்ள அளவு. எடைக்கல்லாலும் அளவுகோலாலும் பிற பண்டங்கள் அளக்கப்படும் காலத்திலும், பூவை விற்பவர் தம் உடம்பாலேயே அளக்கின்றார். கை நீண்டவரிடம் வாங்குதல் இலாபம் என்று பெண்கள் நகைத்துரைப்பதும், அளந்தபின் நாலு கண்ணி கூட்டித் தருமாறு கேட்பதும் இவ்வீதிகளின் வழக்கு.

இதனுள் ஒரு நுட்பம் உண்டு. கிலோ கணக்கிற் கொண்ட பூவை முழக்கணக்கிற் கொடுக்கும்போது, இடையே நிற்பது கட்டுபவரின் கைத்திறனே. நெருக்கமாகக் கட்டினால் முழம் குறையும்; வாடிக்கை நிலைக்கும். கலக்கக் கட்டினால் முழம் பெருகும், வாடிக்கை விலகும். அன்றைய பூவின் விலை உயர்ந்தாலும், நாள்தோறும் வாங்கும் மனையிடம் அதனை முழுதும் ஏற்றுதல் இயலாது. எனவே முடிச்சுக்கும் முடிச்சுக்கும் இடையேயுள்ள விரற்கடையே விலை ஏற்றத்தைத் தாங்கும் இடமாகின்றது.

வீடுகளுக்குப் பூ வழங்குதல் 'வாடிக்கை' என்னும் உறவின்மேல் நிற்பது. பிற்பகலிற் கட்டி முடித்து, வாழையிலையிற் சுருட்டிக் கூடையில் அடுக்கி, நான்கு ஐந்து மணியளவிற் புறப்படுவர். எந்த வீட்டிற்கு எத்தனை முழம், எந்த வீட்டிற்குச் சுவாமி படத்திற்குத் தனிச்சரம், எந்த வீட்டிற் பெண் பிள்ளை ஊரிலிருந்து வந்திருக்கிறாள் என்பன யாவும் ஏட்டில் எழுதாமலே நினைவில் நிற்கும். சிலர் அன்றன்றே காசு தருவர். சிலர் மாதம் முடியத் தருவர். வாயிலில் நின்று குரல் கொடுத்தால், உள்ளிருந்து 'பூக்காரம்மா வந்துவிட்டார்' என்னும் மறுமொழி வரும். எல்லை விளக்கு வைக்கும் நேரம். அதற்குமுன் வந்த பூ தலைக்கும் படத்திற்கும் உரியது. அதற்குப்பின் வந்த பூவுக்கு வரவேற்பு அவ்வளவாக இல்லை. நெடுநல்வாடை மகளிர் அரும்பு விரிதல் கண்டு விளக்கேற்றினர். இற்றை மதுரையில் விளக்கேற்றுமுன் அரும்பு வந்து சேர்கின்றது. முறை மாறினும் பொழுது மாறவில்லை.

மனைகளுக்குச் செல்லும் பூ ஒரு பங்கு. கோயிலுக்குச் செல்லும் பூ மற்றொரு பங்கு. மீனாட்சி திருக்கோயிலில் விடியற்காலைத் திருவனந்தல் முதல் இரவின் பள்ளியறைப் பூசை ஈறாகப் பூசைகள் முறையே நிகழ்கின்றன. ஒவ்வொரு காலத்திற்கும் புதுப்பூ வேண்டும். சோழர் பாண்டியர் காலத்துக் கல்வெட்டுகளில் திருநந்தவனத்துக்கு நிலம் விட்ட செய்தியும், திருப்பள்ளித்தாமம் தொடுப்போர்க்கு வாழ்வூதியம் வகுத்த செய்தியும் பல கோயில்களிலும் காணப்படுகின்றன. கோயிலையடுத்து நந்தவனம் அமைத்தமைக்குப் பத்தி மட்டும் காரணமன்று. வழித்தொலைவைக் குறைத்தல் மற்றொரு காரணம். தோட்டம் அருகிருப்பின் காலம் வீணாகாது. சுமப்பவர் துன்பமும் குறையும். நகரம் பெருகி நந்தவனங்கள் சுருங்கியபோது, அத்தொலைவு முழுவதும் பூச்சுமப்போர் தலையில் ஏறிற்று.

பூவைக் கொய்து கொணர்தலைச் சைவ மரபு தனித் தொண்டாகவே வகுத்தது. திருப்புகலூர் முருக நாயனார் வைகறையில் எழுந்து, கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என நால்வகைப் பூக்களையும் வேறு வேறு கூடைகளிற் கொய்து, காலத்துக்கேற்ற மாலைகளைத் தொடுத்துச் சாத்தினார் எனப் பெரியபுராணம் கூறும். இன்ன பூ இன்ன பொழுதுக்கு ஆகும், இன்னது ஆகாது என்பவற்றைக் கமலை ஞானப்பிரகாசர் 'புட்பவிதி' என்னும் நூலில் வகுத்துரைத்தார். இவ்விதிகளின் உட்கிடை ஒன்றே: பூ தன் போதிலே சென்று சேர்தல் வேண்டும்.

வைணவ மரபிலும் இதற்கொப்பான ஒரு வழக்கம் மதுரையில் ஆண்டுதோறும் நிகழ்கின்றது. பெரியாழ்வார் நந்தவனம் வைத்து மாலை தொடுத்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். அவர் திருமகளார் ஆண்டாள், இறைவனுக்குரிய மாலையைத் தாம் சூடிப் பார்த்துக் கொடுத்தமையாற் சூடிக்கொடுத்த நாச்சியார் எனப்பட்டார். அவ்வூர்க் கோயிலில் ஆண்டாளுக்குச் சாத்திய மாலை, சித்திரைத் திருவிழாவின்போது மதுரைக்குக் கொண்டுவரப்படுகின்றது. கள்ளழகர் அம்மாலையை அணிந்தே வைகையில் இறங்குகின்றார். ஓர் ஊரின் மாலை மற்றோர் ஊரின் விழாவுக்குக் குறித்த நாளிற் குறித்த நாழிகையிற் சென்றடையும் இவ்வழக்கத்தில், மாலையைச் சுமந்து வருவோர்க்கு ஊரே வழிவிட்டு எதிர்கொள்கின்றது.

நாள்தோறும் பூச்சுமப்பவர்க்கு அவ்வரவேற்பு இல்லை. அவர் நிலையை அறிய விலையின் இயல்பை நோக்குதல் வேண்டும். மார்கழி, தை மாதங்களிற் பனியால் மொட்டு குறையும். அதே காலத்திற் பொங்கலும், தை பிறந்தபின் திருமண நாட்களும் வருவதால் வேண்டுவோர் பெருகுவர். அப்பொழுது மல்லிகை கிலோ ஒன்று ஆயிரக்கணக்கான ரூபாவுக்கு விற்கும். கோடையில் மொட்டு மிகுந்து, முகூர்த்த நாளும் இல்லாதவிடத்துச் சில நூறு ரூபாவுக்கு இறங்கும். விலை வீழ்ந்த நாளில் உழவர் பூவை வாசனைத் தைலத் தொழிற்சாலைகளுக்குக் கொடுப்பர். அங்கே ஆயிரம் கிலோகிராம் பூவிலிருந்து ஓரிரு கிலோகிராம் அளவான மணமெழுகே கிடைக்கும். அம்மெழுகோ காத்திருக்கும் பொருள், நெடுநாள் கெடாது. காத்திராத பூவைக் காத்திருக்கும் பொருளாக மாற்றும் வழி ஆலைக்கு உண்டு. உழவர்க்கும் அங்கே ஒரு புகல் உண்டு. தெருவிற் கூடை சுமப்பவர்க்கு அத்தகைய புகல் யாதும் இல்லை. இரவில் விற்காது எஞ்சிய சரம் அவருடைய சொந்த நட்டமாகும். காலையிற் கடன் வாங்கி மாலையில் வட்டியுடன் திருப்புவோர்க்கு அந்நட்டம் மறுநாளின் முதலையும் அரிக்கும்.

இத்துன்பத்தையும் பழந்தமிழ்ப் புலவர் கண்டிருந்தனர். புறநானூற்றின் 293ஆம் பாட்டு, நொச்சிநியமங்கிழார் பாடியது. போர்ப்பறை முழங்குகின்றது, வீரர் எழுகின்றனர். அந்நிலையிற் புலவர் இரங்குவது வீரர்க்காக அன்று; பூவிலைப் பெண்டின் பொருட்டே. கணவர் போர்க்குச் செல்லும் மனையிற் பெண்கள் பூச்சூடார். அவள் வேறு மனை தேடிச் செல்லவேண்டியவளாகின்றாள். போரின் கேடு களத்தோடு அமையாது, கூடையிற் பூவேந்தி வாயிலில் நிற்கும் ஒரு பெண்ணின் அன்றைய உணவையும் தாக்குகின்றது என்பதை இதனினும் நுண்ணிதாகக் கூறிய பாட்டு அரிது.

பிற்காலத்தும் இதற்கு நிகரான நிலை நேர்ந்தது. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திற் கொள்ளைநோய் காரணமாக இந்தியாவெங்கும் ஊரடங்கு விதிக்கப்பட்டது. கோயில்கள் அடியார்க்கு மூடப்பட்டன, திருமணங்கள் சுருங்கின. அவ்வாண்டு மே மாதம் 4ஆம் நாள் மீனாட்சி திருக்கல்யாணம் அடியார் கூட்டமின்றி நிகழ்ந்தது. அழகர் ஆற்றில் இறங்கும் விழா நடைபெறவில்லை. அதுவோ மல்லிகை மிகுந்து பூக்கும் கோடைகாலம். ஊர் அடங்கினும் செடி அடங்கவில்லை. பறித்த பூவுக்குக் கொள்வாரின்றி உழவர் அதனைக் கொட்டினர். வாயில்தோறும் சென்றவர்க்கு வாயில்களே அடைபட்டன. அவ்வாண்டு செப்டெம்பர் மாதத்திலேதான் கோயில்கள் மீண்டும் அடியார்க்குத் திறக்கப்பட்டன. பழம்பாட்டின் பூவிலைப் பெண்டுக்கு வேறு மனையேனும் இருந்தது.

வாயில் அடைபடுவதற்குக் கொள்ளைநோய் ஒன்றே காரணமாதல் இல்லை. 2018ஆம் ஆண்டு பெப்ருவரி மாதம் மீனாட்சி திருக்கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் இரவில் தீப்பற்றியது. அங்கிருந்த கடைகள் எரிந்தன. மண்டபமும் பெருஞ்சேதம் உற்றது. அதன்பின் கோயிலினுள் இருந்த கடைகள் அகற்றப்பட்டன. கல்லாலான கலைச்செல்வத்தைக் காத்தல் இன்றியமையாதது. அதனை மறுப்பார் இலர். ஆயினும், பழைய நகரைக் காக்கும் ஒவ்வொரு ஏற்பாட்டிலும், அந்நகரின் பழைய தொழிலாளர் நிற்கும் இடம் ஒரு முழம் சுருங்குகின்றது என்பதும் உண்மை. மண்டபம் எவ்வளவு பழமையோ, அதன் வாயிலிற் பூ விற்கும் தொழில் அதனினும் பழமையானது.

தெருவிற் பூச்சுமப்பவரின் உரிமை யாது என்னும் வினாவுக்குப் பெரியபுராணத்தின் எறிபத்த நாயனார் வரலாறு ஒரு விடை தருகின்றது. கருவூரிற் சிவகாமியாண்டார் என்னும் முதிய அடியார், வாயைத் துணியாற் கட்டி, வைகறையிற் பூக்கொய்து, கூடையில் நிறைத்து, ஆனிலைக் கோயிலுக்கு விரைந்து செல்வார். மகாநவமியின் முதல் நாள், புகழ்ச்சோழ மன்னரின் பட்டத்து யானை தெருவில் வந்து, அக்கூடையைப் பறித்துப் பூவைச் சிதறிற்று. முதியவர் துரத்திச் சென்று, இயலாது வீழ்ந்து, அரற்றினார். அதுகேட்ட எறிபத்தர் மழுவினால் யானையையும் உடன்வந்தோரையும் வீழ்த்தினார். செய்தியறிந்து வந்த மன்னர் சினந்தாரல்லர். தம் யானை செய்த பிழைக்கு அத்தண்டம் போதாது, தம்மையும் கொல்லுதல் வேண்டும் என்று தம் வாளையே நீட்டினார். இறையருளால் யாவரும் உயிர்பெற்றெழுந்தனர். பூங்கூடையும் மீண்டும் நிறைந்தது.

இவ்வரலாறு பத்தியின் உறுதியைக் காட்ட எழுந்தது. எனினும், நகரத்துத் தெருவில் யாருக்கு யார் வழிவிடல் வேண்டும் என்னும் நீதியும் இதனுள் அடங்கியுள்ளது. ஒருபால் அரசின் வலிமை முழுவதையும் தாங்கிய யானை. மற்றொருபால் நேரந்தவறாது பூவைச் சேர்க்க விரையும் முதியவர். அவர் இழந்தது விலைமதிப்பிற் சிறியதே. ஆயின் மீட்க முடியாதது. சிதறிய பூவுக்கு அன்றைய பொழுது மீளாது. அதனை உணர்ந்தமையாலேயே மன்னர் தம் வாளை நீட்டினார்.

இற்றை நாளில் அந்நீதி சட்டத்தின் மொழியில் வருகின்றது. தெருவோர வணிகரின் வாழ்வாதாரத்தைக் காக்கவும் ஒழுங்குபடுத்தவும் இந்தியப் பாராளுமன்றம் 2014ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றியது. வணிகரைக் கணக்கெடுத்துச் சான்று வழங்குதல், விற்பனைக்குரிய இடங்களை வகுத்தல், முறையான அறிவிப்பின்றி அகற்றாமை முதலியன அதன்கண் கூறப்பட்டன. சட்டம் இடத்தை வரையறுக்கவல்லது. பூவுக்கு வேண்டுவதோ இடமும் நேரமும் ஆகிய இரண்டும். மாலை நான்கு மணிக்குத் திறந்திருக்கும் தெரு ஆறு மணிக்கு அடைபடுமாயின், சான்றுச்சீட்டு இருந்தும் பயன் இராது. பழைய நகரை ஒழுங்குபடுத்துவோர் வீதியின் அகலத்தை அளப்பதோடு, அவ்வீதியில் எந்நாழிகையில் யார் என்ன சுமந்து செல்கின்றார் என்பதையும் கணக்கிடுதல் வேண்டும்.

முதலில் எழுந்த வினாவுக்கு விடை இதுவாகும்: தோட்டத்துக்கும் வாயிலுக்கும் இடையே இழக்கப்படும் பொழுதின் விலையை, வழியின் கடைசியில் நிற்பவரே மிகுதியுங் கொடுக்கின்றார். உழவர்க்கு ஆலை உண்டு. தரகர்க்கு மறுநாள் உண்டு. ஏற்றுமதியாளர்க்குப் பனிக்கட்டி உண்டு. கூடை சுமப்பவர்க்கு உள்ளது அன்றைய மாலை ஒன்றே. மதுரைக்காஞ்சியின் நரைமூதாட்டியரும் புறநானூற்றுப் பூவிலைப் பெண்டும் ஆவணி மூல வீதியின் பூக்காரம்மாவும் ஒரே கூடையையே கைமாற்றிச் சுமந்து வருகின்றனர். அக்கூடைக்கு யானையும் வழிவிடல் வேண்டும் என்பது பெரியோர் கண்ட நெறி. கல்லாலான கோபுரத்தைப் பேணுவதுபோல, விளக்கு வைக்குமுன் வாயிலை வந்தடையும் அக்காலடியையும் பேணுதல் அந்நகரத்தார் கடனாகும்.